பிரேசிலா, கியூபாவா? கிட்டாரில் எந்தத் தாளத்தை முதலில் பிடிப்பது

கிட்டாரில் ஓரளவு கார்ட் மாற்ற வந்துவிட்டது, நாலு சினிமாப் பாட்டு வாசிக்க முடிகிறது, இனி கொஞ்சம் தாளம் பக்கம் போகலாம் என்று நினைப்பவர்கள் பலர் இந்தக் கேள்வியில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். போசா நோவா, சாம்பா என்று பிரேசில் பக்கம் போவதா, சொன், குவாஹிரா, போலேரோ என்று கியூபா பக்கம் போவதா? "ரெண்டும் லத்தீன்தானே, எதிலாவது ஆரம்பிங்க" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். கீபோர்டில் எல்லாவற்றையும் 'லத்தீன்' என்று ஒரே பட்டனுக்குள் போட்டு அடைத்ததால் வந்த வினை.

வேர் ஒன்றுதான், அதில் தகராறு இல்லை. ஆப்பிரிக்காவின் யொருபா மக்களும் கொங்கோ, அங்கோலா பகுதி மக்களும் அடிமைகளாக இரண்டு நாட்டுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். கியூபாவில் அடிமை முறை ஒழிந்தது 1886இல், பிரேசிலில் 1888இல். பிரேசிலின் சால்வடோரிலும் கியூபாவின் ஹவானாவிலும் அதே யொருபா தெய்வங்களை இன்றைக்கும் முரசு கொட்டித்தான் அழைக்கிறார்கள். ஆனால் கிட்டார் என்று வந்தால் இரண்டும் எதிரெதிர் திசை. பிரேசில் கிட்டார் ஒரு குழுவையே வலதுகைக்குள் அடக்கப் பார்க்கும். கியூபா கிட்டார் தன் பங்கை மட்டும் வாசித்துவிட்டு மிச்சத்தை அடுத்தவரிடம் விட்டுவிடும். அதனால், எந்த நாட்டுப் பாட்டு பிடிக்கும் என்று யோசிப்பதற்கு முன்னால் நீங்கள் யாரோடு வாசிக்கப் போகிறீர்கள் என்று யோசியுங்கள் என்பதுதான் என் கட்சி.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் அதுதான்: தனியாகவா, கூட்டமாகவா. இரண்டாவது, வலதுகைக்கு என்ன வேலை. மூன்றாவது, இடதுகைக்கு எத்தனை கார்ட் தேவை, ஏனென்றால் பார் கார்ட் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் கை கடுக்கிறவருக்கும் அது பழகிப்போனவருக்கும் ஒரே யோசனை சொல்ல முடியாது. நான்காவது, தாளம் உடம்பில் எங்கே உட்கார வேண்டும். கடைசியாகப் பணம்: கருவி, ஆசிரியர், புத்தகம். இந்த ஐந்தில் நான்காவதை யாரும் முன்கூட்டியே பார்ப்பதில்லை, பிறகு அதில்தான் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள். ஆகவே அதை முதலில் சோதித்துவிடுவோம், கிட்டாரைத் தொடாமலே.

காலைச் சீராகத் தட்டுங்கள். ஒரு தட்டுக்கு நான்கு மாத்திரை, நான்கு தட்டுக்கு 16. அதன் மேல் நமக்குப் பழகிய சொற்கட்டிலேயே இதைச் சொல்லுங்கள், ஒவ்வொரு சொல்லின் 'த'விலும் ஒரு கைதட்டு:

தகிட தகிட தகதிமி தக தகதிமி

3+3+4+2+4. இது கியூபாவின் சொன் கிளாவே, பாட்டு முழுக்க மாறாமல் ஓடும் அச்சுத் தாளம். அடுத்து இது:

தகிட தகிட தகதிமி தகிட தகிட

3+3+4+3+3. போசா நோவாவில் டிரம் வாசிப்பவர் ஸ்நேர் விளிம்பில் தட்டும் அடி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கடைசி அடி மட்டும்தான், அதுவும் ஒரே ஒரு மாத்திரை. சொன் கிளாவேயில் அந்த அடி பதிமூன்றாவது மாத்திரையில், கால் தட்டோடு சேர்ந்து தரையில் இறங்கும். போசாவில் பதினாலாவதுக்குத் தள்ளிப்போய் அந்தரத்தில் நிற்கும். இன்னொன்றும் சொல்லிப் பாருங்கள்:

தகிட தகதிமி தகிட தக தகதிமி

இது ரும்பா கிளாவே. சொன்னில் ஏழாவது மாத்திரையில் விழுந்த மூன்றாவது அடி இங்கே எட்டாவதில் விழுகிறது. சும்மா ஒரு மாத்திரைதானே என்று தோன்றும், காலைத் தட்டிக்கொண்டே செய்யும்போது தெரியும் சேதி. மிருதங்கமோ தபலாவோ கொஞ்சம் பழகியவர்கள் இதை அன்றைக்கே பிடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு ஒரு வாரம் ஆகலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு திருத்தம் மட்டும். பிரேசில்காரர்கள் கிளாவே கணக்கில் யோசிப்பதில்லை, அவர்கள் காது தம்போரிம் என்ற சின்னஞ்சிறு பறையின் மேல் இருக்கும். போசாவில் அந்த 3+3+4+3+3 இடையிலேயே நழுவலாம், மாறலாம். கியூபாவில் கிளாவே பாட்டின் நடுவில் நழுவினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

## பிரேசில்: ஒரு கைக்குள் ஒரு குழு

சாம்பாவுக்கு 2/4 கணக்கு. அதில் சுர்டோ என்ற பெரிய முரசு இரண்டாவது அடியில்தான் கனமாக இறங்கும். போசா நோவா கிட்டாரில் கட்டைவிரல்தான் சுர்டோ, ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றும் சேர்ந்து தம்போரிம். பாஹியா மாநிலத்து ஜுவசேரு ஊர்க்காரரான ஜோவோ ஜில்பெர்ட்டோ 1958இல் வெளிவந்த இசைத்தட்டுகளில் செய்து காட்டியது இதைத்தான். தெருவில் ஒரு கூட்டமே கொட்டுகிற சாம்பாவை ஒரு நைலான் கிட்டாருக்குள் சுருக்கி, அதற்கு மேல் கிசுகிசுக்கிற குரலில் பாடினார்.

கணக்காகச் சொன்னால் இப்படி: கட்டைவிரல் 1, 5, 9, 13ஆவது மாத்திரைகளில், அதாவது கால் தட்டும் இடங்களில். மற்ற விரல்கள் 1, 4, 7, 11, 14இல். 16 மாத்திரையில் இரண்டும் சேர்வது முதல் இடத்தில் மட்டும். மற்ற எல்லா இடத்திலும் ஒன்று அடிக்கும்போது இன்னொன்று சும்மா இருக்க வேண்டும். ஆரம்பத்தில் கட்டைவிரல் விரல்களோடு ஒட்டிக்கொண்டு ஓடும், யாருக்கும் அப்படித்தான். இதற்கு நான் பார்த்து வேலை செய்த வழி, இடதுகையால் கம்பிகளை லேசாக அமுக்கி ஓசையை அடக்கிவிட்டு வெறும் 'டக் டக்' என்று வலதுகையை மட்டும் ஓடவிடுவது. அதோடு பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச்சு தடைபட்டால் தாளம் இன்னும் உள்ளே போகவில்லை என்று அர்த்தம், கார்ட் சேர்க்க அவசரப்படாதீர்கள். அப்புறம், 5இலும் 13இலும் கட்டைவிரல் சற்று அழுத்தமாக விழ வேண்டும். எல்லோரும் முதல் அடியில் அழுத்துவார்கள், உடனே அது போலீஸ் பேண்டு மாதிரி ஆகிவிடும்.

வலதுகை பழகியதும் இடதுகை சண்டைக்கு வரும். இங்கே சாதா மேஜர், மைனர் கார்டுகளுக்குப் பெரிதாக இடமில்லை. மேஜர் செவன்த், மைனர் செவன்த், சிக்ஸ்-நைன், டிமினிஷ்டு, பிளாட் நைன் என்று போய்க்கொண்டே இருக்கும், ஒரு பாட்டில் பதினைந்து கார்ட் வருவது சாதாரணம். நல்ல சேதி, பெரும்பாலானவை நான்கு கம்பிகளில் பிடிப்பவை, முழு பார் தேவைப்படாது. கார்டை விட்டுப் பிடித்து ஓசையை வெட்டுவதும் இடதுகை வேலை. அதைச் சொல்லித் தராத காணொளிகள் நிறைய இருக்கின்றன, அவற்றைப் பார்த்துக் கற்றவர்கள் வாசிப்பு எப்போதும் கொஞ்சம் கொழகொழ என்றே இருக்கும்.

செலவு என்று பார்த்தால் முதலில் கருவி. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் தொங்குவது ஸ்டீல் கம்பி போட்ட அகௌஸ்டிக் கிட்டார். மூன்று விரலால் சேர்த்துக் கிள்ளும் வாசிப்புக்கு அதில் கழுத்து ஒடுக்கம், ஓசையும் கூச்சலாக இருக்கும். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார் வேண்டும், தொடக்கத்துக்கு யமஹா சி40 போல ஒன்று போதும். நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி மாட்டிப் பார்க்கலாம் என்று மட்டும் போகாதீர்கள், இழுவிசை தாங்காமல் பிரிட்ஜ் பெயர்ந்து வரும். வலதுகை நகத்தை வளர்த்துப் பராமரிக்கவும் வேண்டும், பாத்திரம் தேய்க்கிறவர்களுக்கும் பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கும் இது சின்ன விஷயம் இல்லை. பாட்டுப் புத்தகத்தில் குறையில்லை, அல்மிர் செடியாக் தொகுத்த தொகுதிகளில் கார்ட் படங்களோடு பிரேசில் பாட்டுகள் குவிந்து கிடக்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்று உண்டு. சாம்பாவின் பதினாறாம் பங்கு அடிகள் சரிசமமாக விழுவதில்லை, பாந்தெய்ரோ என்ற சலங்கை கட்டிய பறையை வாசிப்பவரின் கையைக் கேட்டால் ஒரு சாய்வு தெரியும். அதை எந்த நோட்டேஷனும் எழுதிக் காட்டாது. மெட்ரோனோம் மட்டும் வைத்துப் பழகியவர் எல்லாம் சரியாக வாசித்தும் சாம்பாவாகக் கேட்காமல் போவது இதனால்தான். தினமும் பயிற்சிக்குச் செலவிடும் அதே அளவு நேரம் கேட்பதற்கும் ஒதுக்க வேண்டும்.

போசாவோடு நின்றுவிடாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கேயே நின்றவர்கள் ஓட்டல் வரவேற்பறைச் சங்கீதத்தோடு முடிந்துபோகிறார்கள். வடகிழக்கு பிரேசிலின் பையோன் இருக்கிறது, அக்கார்டியன், சபூம்பா முரசு, டிரையாங்கிள் மூன்றையும் வைத்துக்கொண்டு லூயிஸ் கோன்சாகா நாடு முழுக்கக் கொண்டுபோனது. அதன் அச்சு வெறும் தகிட தகிட தக, எட்டு மாத்திரை. கார்ட் குறைவு. இடதுகை தயாராகாதவர்கள் போசாவுக்கு முன்னால் இதில் ஆரம்பிப்பதுதான் நல்லது. ஷோரு என்ற பழைய பாணியில் ஏழு கம்பி கிட்டார் கீழ்ச்சுரங்களில் தனியாக ஒரு கதையே சொல்லிக்கொண்டு போகும், அது வேறு உலகம், பிறகு பார்க்கலாம்.

## கியூபா: ஒன்றாவது அடியில் பாஸ் இல்லை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'ஆப்ரோ-கியூபன்' என்று தேடிப் போனால் கிடைப்பதில் பாதிக்கு மேல் கிட்டாருக்கு இடமே கிடையாது. ரும்பா குடும்பம், அதாவது குவாகுவான்கோ, யாம்பு, கொலம்பியா மூன்றும், முரசும் குரலும்தான். பாட்டா முரசுகள் கோயில் சங்கதி. சா-சா-சா வயலினும் புல்லாங்குழலும் கொண்ட குழுக்களில் பிறந்தது. சால்சா குழுக்களில் பெரும்பாலும் பியானோ உட்கார்ந்திருக்கும். கிட்டார்காரருக்குச் சொந்த வீடு என்றால் சொன், அதன் உறவான குவாஹிரா, சாங்குயி, அப்புறம் போலேரோ. சொன், சாங்குயி, போலேரோ மூன்றுக்கும் கிழக்குக் கியூபாதான் தாய்மண், சாந்தியாகோ, குவாந்தனாமோ பக்கம்.

அங்கே கிட்டாரோடு த்ரெஸ் என்ற கருவியும் சேர்ந்து வரும். மூன்று ஜோடிக் கம்பி, ச-ம-த மாதிரி அமைந்த ஜி, சி, ஈ சுருதி, பிக் வைத்து ஒற்றைச் சுரங்களாகப் பின்னுவது. கண் பார்வையற்ற த்ரெஸ் மேதை அர்செனியோ ரொட்ரிகெஸ் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் குழுவில் பியானோவையும் காங்காவையும் கூடுதல் டிரம்பெட்டுகளையும் சேர்த்தார். அதற்குப் பிறகு த்ரெஸ் செய்த வேலையைப் பல குழுக்களில் பியானோ எடுத்துக்கொண்டது. அதனால்தான் இன்றைக்கு மொந்தூனோ, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் அந்தப் பின்னல், பாடம் தேடினால் பத்தில் எட்டு பியானோவுக்கானதாக இருக்கிறது, அதைக் கிட்டாருக்கு மாற்றும் வேலை உங்கள் தலையில்.

இப்போது கஷ்டமான இடம். தும்பாவ் என்ற பாஸ் அடி 4/4இல் (இங்கே ஓர் அடிக்கு இரண்டு மாத்திரை) இரண்டாவது அடிக்கும் மூன்றாவது அடிக்கும் நடுவிலும், பிறகு நான்காவது அடியிலும் விழும். ஒன்றில் கிடையாது. அது போதாதென்று நான்காவது அடியில் விழும் சுரம் அடுத்து வரப்போகும் கார்டைச் சேர்ந்தது, முன்கூட்டியே வந்துவிடும். கேட்பவருக்கு யாரோ நாற்காலியை இழுத்துக்கொண்டே இருப்பது போலத் தோன்றும், ஆட்டமும் அதில்தான் இருக்கிறது. சொன் கிளாவேயின் மூன்று அடிப் பக்கத்தில் (முதல் எட்டு மாத்திரை, மூன்று கைதட்டு; அடுத்த எட்டு இரண்டடிப் பக்கம்) இரண்டாவதும் மூன்றாவதும் விழும் அதே இடங்கள் இவை என்பதைக் கவனியுங்கள், கிளாவே தெரிந்தால் பாஸ் தானாக வரும் என்று சொல்வது இதை வைத்துத்தான்.

மொந்தூனோவின் வழக்கமான வடிவம் ஒன்று: இரண்டடிப் பக்கத்தில் தொடங்கும்போது ஒன்று, இரண்டு என்று நேராக இரண்டு அடி, அதன் பிறகு சுற்று முடியும்வரை எல்லாமே அடிகளுக்கு நடுவில். காலைத் தட்டாமல் இதை வாசித்தால் மூன்றாவது சுற்றில் எது நேர், எது இடை என்று தெரியாமல் போகும். உட்கார்ந்த இடத்தில் கால் அசையாமல் வாசிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது பெரிய தடை. சிலருக்கு நின்று, இடம் வலமாக நடந்துகொண்டே பழகினால்தான் வருகிறது.

இடதுகைக்கோ இங்கே விடுமுறை. 1996இல் ஹவானாவின் எக்ரெம் ஸ்டூடியோவில் பதிவாகி அடுத்த ஆண்டு உலகம் முழுக்கப் போன புவேனா விஸ்டா சோஷியல் கிளப் தட்டில் முதலில் வரும் பாட்டு கொம்பாய் செகுண்டோ எழுதியது, டி மைனர், எஃப், ஜி மைனர், ஏ செவன் என்று நான்கே கார்ட். குவாஹிரா பலவற்றில் மூன்றுதான். கார்ட் எளிது என்பதால் தொடக்கத்தில் வேகமாக முன்னேறுவது போல இருக்கும், இரண்டாவது வாரத்தில் பாட்டே வந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் அதே இரண்டு வரியை ஐந்து நிமிடம் வேகம் கூடாமல், குறையாமல், அலங்காரம் சேர்க்காமல் வாசிக்கச் சொன்னால் நிலைமை தெரியும்.

பணச் செலவு இங்கே குறைவு, எந்தக் கிட்டாரிலும் தொடங்கலாம். த்ரெஸ் ஆசை வந்தால் ஒரு பழைய கிட்டாரையே கம்பி மாற்றி அமைத்துக்கொள்பவர்கள் கியூபாவிலேயே உண்டு. செலவு ஆள் பிடிப்பதில் இருக்கிறது. கிளாவே தட்ட ஒருவர், பாஸுக்கு ஒருவர், முடிந்தால் பாங்கோஸுக்கு ஒருவர். மூன்றாமவரைக் கண்டுபிடிப்பது நம் ஊரில் கஷ்டமில்லை, மெல்லிசை மேடைகளில் பாங்கோஸ் எப்போதோ குடியேறிவிட்டது, ஆனால் அவர் கை நம் சினிமாப் பாட்டு நடையில் பழகியிருக்கும், கிளாவேக்கு அவரும் உங்களோடு சேர்ந்து முதலிலிருந்து வர வேண்டும். யாருமே கிடைக்கவில்லை என்றால் கைபேசியில் கிளாவேயையும் பாஸையும் நீங்களே பதிவு செய்து அதன் மேல் வாசிக்கலாம். பரவாயில்லை என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

ஆசிரியர் விஷயத்திலும் ஒரு சிக்கல். ரியோவில் இருப்பவரிடம் இணையத்தில் படிப்பது சுலபம், நமக்கு மாலை ஆறரை என்றால் அங்கே காலை பத்து. கியூபாவுக்குள் இருப்பவரிடம் படிக்க வேண்டுமானால் அங்கே மின்சாரமும் இணையமும் ஒத்துழைக்க வேண்டும், அமெரிக்கத் தடைகளால் பணம் அனுப்புவதும் தலைவலி. வெளிநாடுகளில் வாழும் கியூபர்களைத் தேடுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பிரேசில் | கியூபா |
|---|---|---|
| தனியாக வாசித்தால் | முழுப் பாட்டாக நிற்கும் | வெறுமை தெரியும், போலேரோ மட்டும் விதிவிலக்கு |
| வலதுகை | கட்டைவிரலும் மற்ற விரல்களும் தனித்தனி வேலை | த்ரெஸ் பாணிக்கு பிக், ஒற்றைச் சுரங்கள் |
| இடதுகை | கார்ட் ஏராளம், மாற்றம் வேகம் | மூன்று, நான்கு கார்டில் பாட்டு முடியும் |
| பாஸ் | கால் தட்டோடு, இரண்டாவது கனமாக | ஒன்றைத் தவிர்த்து, அடுத்த கார்டை முந்திக்கொண்டு |
| கருவி | நைலான் கிட்டார் அவசியம் | இருப்பதே போதும் |
| தொடக்க வேகம் | மெதுவாக நகரும் | வேகமாக நகர்ந்து பிறகு தேங்கும் |
| பெரிய தடை | சாம்பாவின் சாய்வு | கூட வாசிக்க ஆள் |

## யாருக்கு எது

அறையில் தனியாக, ராத்திரி வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் வாசிப்பவர் என்றால் பிரேசில், யோசிக்கவே வேண்டாம். பாடுகிறவர்களுக்கும் அதுவே, ஆனால் தாளத்துக்குப் பின்னால் சாய்ந்து பாடுவது தனிப் பயிற்சி, முதலில் வாசிப்பு தானாக ஓட வேண்டும். ஜாஸ் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் இங்கே கற்ற கார்டுகள் அப்படியே அங்கே செல்லுபடியாகும்.

வாராவாரம் சந்திக்கிற இரண்டு மூன்று பேர் இருந்தால் கியூபா. கார்ட் மாற்றுவதில் இன்னும் தடுமாறுகிறவர்களுக்கும், "நீ வேகம் கூட்டிக்கொண்டே போகிறாய்" என்று எப்போதும் திட்டு வாங்குகிறவர்களுக்கும் கூட கியூபாதான். தாளம் நிலைக்காதவரை போசாவுக்கு அனுப்பினால் அழகான கார்டுகளுக்குப் பின்னால் அந்தக் குறை ஒளிந்துகொள்ளும். மொந்தூனோவில் ஒளிய இடமில்லை.

தனி ஆள், ஆனால் மனசெல்லாம் கியூபா என்கிறவர்கள் போலேரோவில் தொடங்கலாம். மெதுவான நடை, குரலும் ஒரு கிட்டாரும் போதும், கிளாவே கெடுபிடியும் அவ்வளவு இல்லை.

## இரண்டையும் ஒன்றாகக் கற்றால்?

திருமண வரவேற்பிலும் ஓட்டலிலும் வாசித்துச் சம்பாதிப்பவருக்கு இது நியாயமான வழி. ஒரு போசா அடி, ஒரு போலேரோ, ஒரு சா-சா, மூன்றையும் சுத்தமாக வைத்துக்கொண்டால் மேடை ஓடிவிடும், யாரும் கிளாவே எந்தப் பக்கம் என்று கேட்கப் போவதில்லை. மற்றவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கட்டைவிரலை ஒன்றில் விழச் சொல்லிக் காலையில் பழக்கிவிட்டு மாலையில் ஒன்றில் விழாதே என்றால் அது எதைக் கேட்கும்?

ஒன்றில் கொஞ்சம் ஊறிய பிறகு மற்றதுக்குப் போகலாம், போகவும் வேண்டும். கியூபாவிலிருந்து பிரேசிலுக்கு வருகிறவருக்குப் பெரும்பாலும் கை வேலைதான் பாக்கி, புதுக் கார்டுகளும் விரல் பிரிப்பும். பிரேசிலிலிருந்து கியூபாவுக்குப் போகிறவருக்குப் பழைய பழக்கம் குறுக்கே நிற்கும், கட்டைவிரல் கேட்காமலே ஒன்றில் போய் விழும். அவர்கள் முதல் ஒன்றிரண்டு மாதம் கட்டைவிரலை வேலையிலிருந்தே எடுத்துவிட்டு, பிக்கைக் கையில் பிடித்து மேல் மூன்று நான்கு கம்பிகளில் மொந்தூனோ மட்டும் வாசிக்கட்டும். பாஸை வேறு யாராவது, இல்லையென்றால் கைபேசி, பார்த்துக்கொள்ளும்.